பெயர்த்தெடுக்கும் செடிக்குப் போகும் இடம் முதலில் தெரிய வேண்டும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே, சமாமிஷ் ஏரியை ஒட்டிய மேட்டு நிலத்தில் குடியிருக்கிறேன். எங்களைப் போல மென்பொருள் வேலைக்கு வந்து குடியேறியவர்களுக்காகத்தான் இப்பகுதியின் காடுகளில் பெரும்பங்கு வீட்டுமனைகளாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை; நான் வாங்கிய வீடும் அப்படி எழுந்த ஒன்றுதான். இங்கே ஒரு காட்டுத் துண்டு குடியிருப்பாக மாறப்போகிறது என்றால், முதலில் சாலையோரத்தில் அறிவிப்புப் பலகை வரும். அனுமதிகள் எல்லாம் முடிந்த பிறகும், மண் அள்ளும் இயந்திரங்கள் வந்து சேரும்வரை அந்த நிலம் சில காலம் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில், நில உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு, தன்னார்வலர்கள் உள்ளே போய் அந்த மண்ணுக்குரிய செடிகளை வேரோடு பெயர்த்தெடுத்து, சீரமைக்கப்படும் சதுப்பு நிலங்களுக்கும் ஓடைக்கரைகளுக்கும் கொண்டுபோகிறார்கள். சியாட்டிலும் எங்கள் பகுதியும் அடங்கிய கிங் கவுண்டி என்ற மாவட்டத்தின் நிர்வாகமே இதற்கெனத் தனித் திட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. தொண்டு அமைப்புகள் சிலவும் இதைச் செய்கின்றன. மழைக்காலச் சனிக்கிழமைகளில் இந்த வேலைக்குப் போய்வந்ததில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதில் இறங்க நினைக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்குத் தோண்டுவதில்தான் ஆர்வம் இருக்கும். அதில் தவறில்லை; மதியத்திற்குள் ஒரு வண்டி நிறையச் செடிகள் ஏறிவிடுவதைப் பார்க்கும்போது நாளைக்கு மண்ணோடு மண்ணாகியிருக்க வேண்டியவற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவு எவருக்கும் வரும். ஆனால் அந்தச் செடி பிழைக்குமா என்பது தோண்டும் இடத்தில் முடிவாவதில்லை. அது போய்ச்சேரும் இடத்தில் ஜனவரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, ஆகஸ்டில் எவ்வளவு ஆழத்திற்கு இறங்கிவிடுகிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது. ஆகவே எந்தச் செடி எங்கே நடப்படப்போகிறது என்ற பட்டியல் கையில் இல்லாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

இதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. இம்மாநிலத்தில் 1990இல் இயற்றப்பட்ட வளர்ச்சி மேலாண்மைச் சட்டத்தின் கீழ், சதுப்பு நிலங்களைப் பாதுகாக்கும் விதிகளை உள்ளாட்சிகள் வகுத்தாக வேண்டும். நடைமுறையில் சதுப்பைச் சுற்றி ஒரு காப்புப் பகுதியும் விடப்படுகிறது. அதனால் வீடு கட்டுவதற்காக அழிக்கப்படும் இடம் பெரும்பாலும் மேட்டுக் காடாகவே இருக்கும். அங்கே கிடைப்பவை வடிகால் நன்றாக உள்ள மண்ணில் வளர்ந்த செடிகள். அவற்றை நாம் கொண்டுபோகும் இடமோ பாதி ஆண்டு நீர் நிற்கும் பள்ளம். டக்ளஸ் ஃபிர் மர நிழலில் வளர்ந்த சோர்ட் ஃபெர்ன் என்ற பெரணியைச் சதுப்பின் நடுவில் வைத்தால் அதன் வேர் முதல் குளிர்காலத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதன் இடம் சதுப்பைச் சுற்றியுள்ள மேட்டு விளிம்பு. அந்த விளிம்புக்கும் செடிகள் வேண்டும் என்பதால் பெரணிகளை எடுப்பது வீணல்ல. ஆனால் வண்டியில் பெரணிகளே நிறைந்திருந்தால், சதுப்பு என்னவோ மொட்டையாகத்தான் இருக்கும்.

உண்மையான நீர்நிலைச் செடிகள் வேறு வகை வேலைகளில்தான் கிடைக்கின்றன: சாலை அகலப்படுத்தல், வடிகால் தூர்வாருதல், எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய்ப்பாலங்களை மாற்றுதல். பழைய குழாய்கள் சால்மன் மீன்கள் மேலேறிப் போவதைத் தடுக்கின்றன என்று இப்பகுதிப் பூர்வகுடி மக்கள் தொடுத்த வழக்கில், அவற்றை மாற்றும்படி 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் மாநிலத்திற்கு ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 என்று பிரிந்ததால் அந்த ஆணை அப்படியே நிலைத்தது. மீனுக்காக நடக்கும் அந்த நல்ல வேலையிலும் ஓடையின் இரு கரைகளையும் சிறிது தூரத்திற்கு வெட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் கரையில் இருக்கும் கோரை, டாக்வுட், சால்மன்பெர்ரி ஆகியவை நமக்குக் கிடைத்தற்கரியவை. வீட்டுமனைத் தோண்டலுக்கு ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். இத்தகைய சாலையோரப் பணிக்கு வருபவர்கள் குறைவு. சதுப்புக்குச் செடி சேர்க்க வேண்டும் என்றால் இதற்குத்தான் போக வேண்டும்.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலையுதிர்கால மழை மண்ணை நனைத்த பிறகு, அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை தோண்டலாம். இலையுதிர்க்கும் செடிகள் அப்போது உறக்கத்தில் இருப்பதால் வேர் அறுபடுவதைத் தாங்கிக்கொள்கின்றன. மொட்டு விரிந்த பிறகு எடுத்தவை பெரும்பாலும் பட்டுப்போகின்றன. மழையில் நனைந்துகொண்டு, சேற்றில் முழங்காலிட்டு, விரல் விறைத்துப்போகும் குளிரில் செய்ய வேண்டிய வேலை இது. வெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

இந்த நிலத்தின் அமைப்பு ஒருவகையில் நமக்கு உதவுகிறது. பனியூழியின் இறுதியில் இப்பகுதியின் மீது கிடந்த பெரும் பனிப்பாளத்தின் எடையில் அடிமண் கல்போல இறுகியிருக்கிறது. அதற்கு மேலுள்ள காட்டு மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது என்பதால் வேர்கள் கீழே போகாமல் பக்கவாட்டில் பரவுகின்றன. எனவே இங்கே ஆழமாகத் தோண்டுவதைவிட அகலமாக வெட்டுவதே பயன் தரும். சோர்ட் ஃபெர்னை எடுப்பதை உதாரணமாகச் சொல்கிறேன். முதலில் ஓலைகளை ஒன்றாகக் கூட்டிச் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும்; இல்லாவிட்டால் நாமே அவற்றை மிதித்து ஒடித்துவிடுவோம். பிறகு குருத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒடுங்கிய நீண்ட அலகுள்ள மண்வெட்டியை நேராக இறக்கி, சுற்றிலும் வட்டமாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். நேராக இறக்காமல் உள்நோக்கிச் சாய்த்தால் வேரின் பாதி நிலத்திலேயே தங்கிவிடும். வட்டம் முடிந்ததும் அலகை அடியில் செலுத்தி மெல்ல நெம்பினால், கம்பிச் சுருள் போன்ற கருத்த வேர்கள் மண்ணை இறுகப் பிடித்தபடி முழு உருண்டையாக மேலே வரும். அந்த மண்ணை உதறக் கூடாது. உடனே ஈரக் கோணியில் சுற்றிவிட வேண்டும். மெல்லிய வேர்களுக்குக் குளிர்காலக் காற்றும் பகைதான். கால் மணி நேரம் திறந்து கிடந்தாலே நுனிகள் காய ஆரம்பித்துவிடும்.

எதை எடுப்பது என்பதில் ஆசை அறிவை மறைக்கும். இடுப்பளவு உயர்ந்து கிளைபரப்பி நிற்கும் புதரைப் பார்த்தால் அதைத்தான் எடுக்கத் தோன்றும். ஆனால் முழங்கால் உயரத்திற்கும் குறைந்த இளஞ்செடிகள்தாம் புது இடத்தில் வேர் பிடிக்கின்றன. பெரிய செடிக்கு இருக்கும் கிளைகளுக்கெல்லாம் நீர் அனுப்ப, வெட்டுப்பட்ட சிறிய வேரால் இயலாது. வைன் மேப்பிள் மரத்தில் ஒரு வசதி இருக்கிறது: அதன் தாழ்ந்த கிளைகள் தரையைத் தொட்ட இடத்தில் தானாகவே பதியம் போட்டுக்கொண்டு வேர்விட்டிருக்கும். பாசியை விலக்கிப் பார்த்து, அந்தக் கிளையைத் தாய்மரத்திலிருந்து வெட்டி எடுத்தால், பெரிய மரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஸ்னோபெர்ரியும் சால்மன்பெர்ரியும் பக்கக் கன்றுகள் விடுபவை. கன்றோடு தரையடித் தண்டு ஒரு சாண் நீளம் வந்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். கோரைத் திரளை மண்வெட்டியால் கைப்பிடி அளவுக் கூறுகளாகப் பிளந்து, இலைகளை ஒரு சாணுக்கு நறுக்கிவிட்டால், ஒரு திரளிலிருந்து பத்து இடத்திற்கு நாற்று கிடைக்கும்.

ஸ்கங்க் கேபேஜ் என்ற செடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடையோரச் சேற்றில் மார்ச் மாதம் பளிச்சென்ற மஞ்சள் மடலோடு பூத்து, பிறகு யானைக்காது போல அகன்ற இலைகளை விரிக்கும் செடி அது. எங்களைப் பார்க்க வந்திருந்த என் தாயார் அதன் இலையைக் கண்டவுடன், “இது சேம்பு இனம், கையில் பட்டால் அரிக்கும், உறை போட்டுக்கொள்” என்றார். தாவரவியல்படியும் அது சேம்புக் குடும்பந்தான். நம் சேனை, சேம்பில் உள்ள அதே ஊசிப் படிகங்கள்தாம் இதிலும் அரிப்பைத் தருகின்றன. முற்றிய செடியின் கிழங்கு சேற்றுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும் என்பதால், அதை முழுதாக எடுக்க முயன்று அரைநாளைப் போக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அளவு இலையுள்ள இளங்கன்றுகளை, சுற்றியுள்ள சேற்றோடு ஒரு வாளியில் அப்படியே இறக்கிக்கொள்வது நல்லது.

தொடாமல் விட வேண்டியவையும் உண்டு. மட்ரோனா மரம் வேரைத் தொடுவதையே பொறுக்காது. சலால் புதர் காடெங்கும் நிறைந்திருந்தாலும், எடுத்து நட்டால் பெரும்பாலும் வாடிப்போகிறது. அதை நாற்றங்காலில் வாங்கிக்கொள்வதே சிக்கனம். தரையில் வளரும் ஆர்க்கிடுகள் மண்ணிலுள்ள பூஞ்சைகளை நம்பி வாழ்பவை என்பதால் அவற்றைப் பெயர்ப்பதில் பயனில்லை. டிரில்லியம் என்ற காட்டுப் பூச்செடி விதையிலிருந்து பூக்க ஏழெட்டு ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும் என்பதால் அதை விட்டுவர மனம் வராது. கிழங்கு உடையாமல், சுற்று மண் சிதறாமல் எடுக்க முடிந்தால் மட்டுமே எடுக்கலாம்.

செடியோடு வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். வேர்மண்ணில் ஐவிக் கொடியின் ஒரு துண்டோ, 1885இல் லூதர் பர்பாங்க் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய இமாலயன் பிளாக்பெர்ரியின் ஒரு வேரோ ஒட்டிக்கொண்டிருந்தால், சீரமைக்கப்பட்ட சதுப்பில் நாமே களையை நட்டவர்களாவோம். நோயும் அப்படித்தான். சியாட்டிலின் சூவர்ட் பூங்காவில் 2013 வாக்கில் சோர்ட் ஃபெர்ன்கள் கொத்துக்கொத்தாகச் சாகத் தொடங்கியது கவனிக்கப்பட்டது. அதிலிருந்து, பெரணிகள் காரணமின்றிக் காய்ந்து நிற்கும் இடத்தில் எங்கள் குழுவினர் எதையும் எடுப்பதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்குப் போகும்முன் காலணியின் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவுவதும் மண்வெட்டியைத் துடைத்துக் காயவைப்பதும் கட்டாயம்.

தோண்டிய செடியை அன்றே சதுப்பில் நடுவது அரிது. மரத்தூளும் மரச்சில்லும் நிரப்பிய படுக்கைகளில் வேரைப் புதைத்தோ, தொட்டியில் வைத்தோ, அடுத்த இலையுதிர்காலம்வரை நாற்றங்காலில் காத்திருக்க விடுவோம். பேறுகாலத்திற்குத் தாய்வீடு வந்த பெண்ணைப் போல அந்தச் சில மாதங்கள் அவை உடம்பைத் தேற்றிக்கொள்கின்றன. இந்தப் பருவத்தில் ஒளிந்து வந்த களைகளும் முளைத்துக் கண்ணில் படும், பிழைக்காதவையும் தெரிந்துவிடும். தோண்டும் நாளுக்கு வருபவர்களில் பாதிப்பேராவது கோடையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட வந்தால், இழப்பு வெகுவாகக் குறையும் என்பது என் கணிப்பு. புகைப்படம் எடுக்கத் தகுந்த வேலை அல்ல என்பதாலோ என்னவோ, அதற்கு ஆள் சேர்ப்பது எப்போதும் பாடுதான்.

இனி நடும் இடத்திற்கு வருகிறேன். வரைபடத்தில் ஒரே நிறம் பூசிச் சதுப்பு என்று காட்டப்பட்டிருக்கும் நிலம், நடந்து பார்க்கும்போது ஒரே நிலமாக இருப்பதில்லை. ஒரு சாண் உயர வேறுபாட்டில் ஒரு செடி பிழைக்கும், இன்னொன்று அழுகும். ஆகவே முந்தைய ஆண்டின் பிப்ரவரியில், நீர் மிகுந்திருக்கும்போது அதன் விளிம்பெங்கும் மூங்கில் குச்சிகளை ஊன்றி வைத்துவிட்டு, ஆகஸ்டில் மீண்டும் போய் ஈரம் எதுவரை பின்வாங்கியிருக்கிறது என்று வேறு நிறத் துணி கட்டிய குச்சிகளை ஊன்றுவோம். இரண்டு வரிசைக்கும் இடையே உள்ள நிலந்தான் சிக்கலானது. குளிர்காலத்தில் மூழ்கிக் கோடையில் வெடிக்கும். அங்கே வில்லோ, சிவந்த தண்டுள்ள டாக்வுட், ஹார்ட்ஹேக் ஆகியவை தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே எப்போதும் ஈரமுள்ள இடத்தில் கோரைகளும், கிழங்குக்காகப் பூர்வகுடி மக்கள் போற்றிய வாப்பட்டோவும் சேரும். மேல் வரிசைக்குச் சற்று மேலே சால்மன்பெர்ரி, நைன்பார்க். இன்னும் மேலே பெரணியும் ஆரெகன் கிரேப்பும். சதுப்பினுள் மேடுதட்டிய இடங்களையும் விழுந்து மட்கிய பழைய மரங்களையும் வீணாக்கக் கூடாது. ரெட் சீடர், ஹெம்லாக் மரக்கன்றுகளுக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் அவை.

இங்குள்ள சதுப்புகளின் பெரும் தொல்லை ரீட் கேனரி புல். ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்து, வேர்ப்பின்னலால் நிலத்தை மூடி, வேறெதையும் முளைக்கவிடாது. வெட்டினால் திரும்ப வளரும். அதற்கு ஒத்துவராதது நிழல் மட்டுமே. நீர் தேங்காத பகுதிகளில், புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பரப்பி, மேலே அரை முழத்திற்குச் சற்றுக் குறைவாக மரச்சில்லு போட்டு, ஊடே துளையிட்டு நடுகிறோம். நம் வீட்டு வாசல்களில் வாரந்தோறும் குவியும் பெட்டிகளுக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. ஒட்டுநாடாவைக் கிழித்துவிட்டுக் கொண்டுவர வேண்டும். நீர் ஏறும் பகுதியில் இந்த முறை உதவாது, அட்டை மிதந்து போய்விடும். அங்கே வில்லோ போத்து நடுவதே வழி. ஊரில் கிளுவை, முருங்கைப் போத்து நட்டவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: பெருவிரல் தடிமனில், இடுப்பு உயரத்தில், உறக்கப் பருவத்தில் வெட்டி, அடியைச் சாய்வாகவும் தலையை நேராகவும் சீவி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி இறக்க வேண்டும். சாய்வும் நேரும் வைப்பது, அவசரத்தில் யாரும் தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க. அடர்த்தியாக நட்டால்தான் புல்லின் மேல் நிழல் விழும்; நட்டு மூன்று நான்கு கோடைகள் கழிந்த பிறகே புல் தளரத் தொடங்குவதைக் கண்டேன்.

நட்டதைத் தின்ன வருபவர்களும் உண்டு. புதிதாக நட்ட கோரையைக் கனடா வாத்துகள் பிடுங்கிப் போடும்; நீர்விளிம்பில் குச்சி ஊன்றிக் கயிறு கட்டினால் அவை இறங்கத் தயங்குகின்றன. ஓடைகளில் அணை கட்டி வாழும் கொறிவிலங்குகளான பீவர்கள் கன்று மரங்களை ஒரே இரவில் அறுத்துவிடும் என்பதால் ரெட் சீடருக்குக் கம்பிவலைக் கூண்டு வேண்டும். வில்லோவுக்கு வேண்டியதில்லை, அறுத்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். பீவரை விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது கட்டும் அணையால் நீர்மட்டம் உயர்ந்து நம் குச்சிக் கணக்கு தப்பும். ஆனால் சதுப்பை உருவாக்குவதில் நம்மைவிட அது கைதேர்ந்தது.

எப்போதும் மழை பெய்யும் ஊர் என்று பெயர் வாங்கியிருந்தாலும், ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை இங்கே மழை மிக அரிது. ஆகவே நட்ட முதல் இரண்டு கோடைகளும் கண்டம். தினமும் சிறிது தெளிப்பதைவிடப் பத்து நாளுக்கு ஒருமுறை வேர்வரை இறங்கும்படி விடுவது மேல். 2021 ஜூன் 28 அன்று சியாட்டிலில் வெப்பம் 42 பாகை செல்சியஸைத் தொட்டபோது, திறந்த வெளியில் நட்டிருந்த பெரணிகள் தீப்பட்டவை போலப் பழுத்துவிட்டன. மரச்சில்லு தடிமனாகப் போட்ட இடத்திலும், வில்லோ நிழலிலும் இருந்தவை பெரிதும் தப்பின. காய்ந்தவற்றைப் பிடுங்கி எறிய சிலர் கிளம்பினார்கள். எங்கள் குழுத் தலைவியான ஓய்வுபெற்ற ஆசிரியை, குருத்தைக் கீறிப் பார்த்து உள்ளே பச்சை இருப்பதைக் காட்டித் தடுத்துவிட்டார். அடுத்த வசந்தத்தில் அவற்றில் பல புது ஓலை விட்டன. மே மாதம் முடியும்வரை எதையும் செத்ததாக எண்ணிப் பிடுங்க வேண்டாம்.

தோண்டும் இடத்தில் நடந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஒரு மனையில் எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட நாளுக்கு முன்பே ஒப்பந்ததாரர் இயந்திரத்தை இறக்கிவிட்டார். கொடியடையாளம் கட்டி வைத்திருந்த செடிகளில் பாதி மண்ணுக்குள் போயின. அதன் பிறகு, கடைசி நாள் எது என்பதை எழுத்தில் வாங்காமல் குழு வேலையைத் தொடங்குவதில்லை; அரிய செடிகளை முதல் நாளிலேயே எடுத்துவிடுகிறோம். வெட்டிய மரங்களை வேர்க்கொண்டையோடு தருவார்களா என்றும் கட்டுநரிடம் கேட்டு வைப்பது நல்லது. சதுப்பில் அவற்றைக் கிடத்தினால் கன்றுகளுக்கு மேடையும், தவளைக்கும் சாலமண்டருக்கும் ஒதுங்கிடமும் ஆகும்.

கட்டுநர்கள் சிலர், செடிகள் பெயர்த்து நடப்பட்டதைத் தங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு காட்டிலிருந்து நாம் எடுத்துவருவது அதன் மிகச் சிறு பகுதி. மண்ணும் பூஞ்சையும் முதுமரமும் அங்கேயே அழிகின்றன. மனை அனுமதிக்கான பொது விசாரணையில், “செடிகளைத்தான் தன்னார்வலர்கள் எடுத்துவிடுவார்களே” என்று எவரும் வாதிட நம் பெயர் பயன்படக் கூடாது. அந்தக் கூட்டங்களுக்கும் போய்க் கருத்துச் சொல்வதை நான் இந்த வேலையின் ஒரு பகுதியாகவே கொள்கிறேன்.

வருபவர்கள் முழங்கால்வரை ரப்பர் காலணி, தடித்த கையுறை, மாற்றுக் காலுறை கொண்டுவந்தால் போதும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் தரையடியில் குளவிக் கூடுகள் இருக்கும் என்பதால், வெட்டுமுன் அந்த இடத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துவந்தால் தொட்டிக்கு மண் நிரப்பவும் பெயர்ச்சீட்டு எழுதவும் விடலாம். சீட்டில் செடியின் பெயரோடு எடுத்த இடமும் அங்கிருந்த ஈரநிலையும் எழுதப்பட வேண்டும், நடும்போது கேட்பது அந்த விவரத்தைத்தான்.

நாங்கள் தொடக்கத்தில் நட்ட சதுப்பு ஒன்றில் வில்லோவும் கோரையும் இப்போது நன்கு திரண்டுவிட்டதால், அடுத்த இடத்திற்கான போத்துகளையும் கோரைக் கூறுகளையும் அங்கிருந்தே வெட்டிக்கொள்கிறோம். ஒரு புதரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. எந்தப் புதரில் எந்த ஆண்டு வெட்டினோம் என்பதைக் குறித்து வைக்கிறோம்.